சன்ஸ்கிரீன்: இரண்டு விரல் அளவு, தினமும்

பல வீடுகளின் அலமாரியில் ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப் கிடக்கிறது. கொடைக்கானல் போகும்போதோ கல்யாணத்துக்கு முன்போ வாங்கியது. நாலைந்து முறை பூசிவிட்டு, முகம் வெளுத்துத் தெரிகிறது, பிசுபிசுக்கிறது, கண் எரிகிறது என்று ஓரம் கட்டியது. "எனக்கு ஒத்துக்கல" என்று பூசியவர் முடிவுக்கு வந்திருப்பார். பெரும்பாலும் பிழை கிரீமில் இல்லை. தேர்ந்தெடுத்த வகையும் பூசிய விதமும் தவறியிருக்கும். அந்த இரண்டையும் சரிசெய்து, தினமும் பூசும் பழக்கத்துக்கு உங்களைக் கொண்டுவருவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

நம் நிறத்துக்கு இது தேவையா?

தேவை. காரணம்தான் வேறு. வெளுத்த தோல் உள்ளவர்களுக்கு வெயில் தரும் பெரிய பயம் தோல் புற்றுநோய். நம் தோலில் கூடுதலாக உள்ள மெலனின் என்ற நிறமி அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஆனால் வெயில் பட்டதும் இதே மெலனின் தாறுமாறாகச் சுரந்து, கன்னத்தில் மங்காகவும், பரு ஆறிய இடத்தில் கருந்திட்டாகவும் படிகிறது. நெற்றி ஒரு நிறம், தாடை ஒரு நிறம் என்று முகம் பிரிந்து தெரிவதும் இதனால்தான்.

வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர்களில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். யூ.வி.பி. தோலைச் சுட்டுக் கன்றவைக்கும். ஜன்னல் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யூ.வி.ஏ. ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைத்துச் சுருக்கத்தைக் கொண்டுவரும். கண்ணாடி வழியாகவும் நுழையும். 2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு படம் வந்தது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம். ஜன்னல் பக்கம் இருந்த இடக் கன்னம் மடிப்பு மடிப்பாகத் தொங்க, வலக் கன்னம் அவ்வளவு பாதிக்கப்படாமல் இருந்தது. நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். பல வருடமாகக் கார், வேன் ஓட்டுபவரானால் உங்கள் வலக் கன்னத்தையும் வலது முன்கையையும் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தினமும் பூசுவதால் உண்மையில் பலன் உண்டா என்பதற்கு நல்ல சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நாம்பர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,600க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தினமும் பூச வேண்டும். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி. தினமும் பூசியவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. தோல் முதுமையும் குறைவாக இருந்தது என்று 2013இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. அவர்கள் வெளுத்த தோல்காரர்கள் என்பதால் புற்றுநோய்க் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. இரண்டு பிரிவினருக்கும் சன்ஸ்கிரீன் பூசத் தடையில்லை, தினமும் பூசியதுதான் வித்தியாசம் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்கிறேன். சன்ஸ்கிரீன் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் கிடையாது. உங்கள் சொந்த நிறத்தைத் திட்டில்லாமல் காப்பதுதான் அதன் வேலை. "பூசினால் சிவப்பாவேனா?" என்று கேட்டு வாங்குபவர் இரண்டு மாதத்தில் ஏமாந்து நிறுத்திவிடுவார்.

எந்த நேரத்து வெயிலுக்கு?

செல்போனில் வானிலைச் செயலியைத் திறந்தால் 'யூவி இண்டெக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 3க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3 முதல் பாதுகாப்பு தேவை. 8 முதல் மிக அதிகம், 11 முதல் உச்சம். தமிழ்நாட்டில் கோடை நண்பகலில் அது 11ஐத் தாண்டுவது சாதாரணம். மார்கழிக் குளிரிலும் நண்பகலில் 7, 8 வரை போகும். "இப்போ வெயில் காலம் இல்லையே" என்ற பேச்சுக்கு நம் ஊரில் இடமில்லை.

செயலி பார்க்க முடியாதபோது நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். பொதுவாகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் கதிர் தணிந்திருக்கும். விடியற்காலையில் கோலம் போடுபவருக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் வடகம் பிழிபவருக்குக் கட்டாயம் வேண்டும்.

குறிப்பு: சூட்டுக்கும் புற ஊதாக் கதிருக்கும் தொடர்பில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் கதிர் கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. குளுகுளுவென்று இருக்கிறதே என்று படகுத்துறையில் மூன்று மணி நேரம் நிற்பவர் கன்றிப்போன மூக்கோடு மலையிறங்குவார். மெல்லிய மேகமும் பெரும்பகுதிக் கதிரை விட்டுவிடும். கடற்கரை மணலும் அலை நுரையும் கீழிருந்து திருப்பி அனுப்பும்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. எஸ்.பி.எஃப். எண். 30 போதும், 50 நல்லது. சரியான அளவில் பூசினால் 30 என்பது யூ.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்பது சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். அதற்கு மேல் உள்ள எண்களுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசில் இன்னொரு ட்யூப் வாங்குங்கள்.

2. யூ.வி.ஏ. பாதுகாப்பு. எஸ்.பி.எஃப். எண் யூ.வி.ஏ. பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு 'பி.ஏ.' என்ற எழுத்தையும் அதன் பின்னால் வரும் கூட்டல் குறிகளையும் பாருங்கள். இது ஜப்பானில் தொடங்கிய முறை. மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும். மங்கு உள்ளவர்கள் நான்கு பார்த்து வாங்குங்கள். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

3. தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி. இவை இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் ட்யூப்பின் முத்திரை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. அளவு. முதல்முறை வாங்கும்போது இருப்பதிலேயே சின்ன ட்யூப். பிடித்துப்போன பிறகு பெரியது.

எந்த வகை யாருக்கு?

எண்ணெய் வழியும் முகம், பரு வரும் முகம் என்றால் ஜெல் அல்லது ஃப்ளூயிட் வகை. வறண்ட தோலுக்கு கிரீம் அல்லது லோஷன். எளிதில் அரிக்கும், சிவக்கும் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கொண்ட மினரல் வகை.

மினரல் வகையில்தான் நம் நிறத்துக்கு ஒரு சங்கடம். முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளை படியும். பலர் இந்த ஒரே காரணத்துக்காக சன்ஸ்கிரீனைக் கைவிடுகிறார்கள், அல்லது வெள்ளை தெரியாத அளவுக்குத் துளியூண்டு பூசுகிறார்கள். வேர்க்கும் ஊரில், கறுத்த முகத்தில், அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ போகும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதற்கு வழி இருக்கிறது. ஒன்று, கெமிக்கல் வகை என்று கடையில் சொல்லும் ஒளி ஊடுருவும் ஜெல். பூசிய கொஞ்ச நேரத்தில் தடம் தெரியாது. இரண்டு, 'டின்டெட்' என்ற நிறம் கலந்த வகை. இதில் இரும்பு ஆக்சைடு சேர்ந்திருக்கும். வெள்ளைப் படலத்தை மறைப்பதோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். பழுப்புத் தோலில் அந்த ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், மங்கு உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது டின்டெட் வகைதான். உங்கள் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத் தாடை ஓரத்தில் தடவிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் எரியும் ட்யூப்லைட்டை நம்ப வேண்டாம்.

'கெமிக்கல்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஜிங்க் ஆக்சைடும் ஒரு ரசாயனம்தான். இரண்டில் எதை நீங்கள் தினமும் முழு அளவில் பூசுவீர்களோ அதுவே உங்களுக்கு நல்லது.

பூசும் முன் ஒரு சோதனை

புது கிரீமை நேராக முகத்தில் பூசாதீர்கள். முன்கையின் உட்புறத்திலோ காதுக்குப் பின்னாலோ ஒரு காசு அளவுக்குப் பூசி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கவனியுங்கள். அரிப்பு, தடிப்பு, எரிச்சல் எதுவும் இல்லையென்றால் முகத்துக்கு வரலாம். மணம் சேர்த்த கிரீம்களில்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது; ஒருமுறை ஒவ்வாமை வந்தவர்கள் மணமில்லாததைத் தேடுங்கள்.

பூசும் முறை

வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு தொடங்குங்கள். ஆட்டோ வந்து நிற்கும்போது அவசரத்தில் பூசினால் அளவும் குறையும், படலம் காய்வதற்குள் துடைத்தும் விடுவீர்கள்.

1. முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு பூசினால் கிரீம் நீர்த்துத் திட்டுத்திட்டாக நிற்கும்.

2. மருத்துவர் கொடுத்த மருந்து இருந்தால் அது முதலில். பிறகு வேண்டுமானால் மாய்ஸ்சரைசர். ஒவ்வொன்றும் தோலில் இறங்கச் சில நிமிடம் விடுங்கள். எண்ணெய்ச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் தனியாகத் தேவைப்படாது, சன்ஸ்கிரீனே போதும்.

3. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், அடியிலிருந்து நுனிவரை விரலுக்கொரு கோடாகக் கிரீமைப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு இது. முதல்முறை பார்க்கும்போது "இவ்வளவா!" என்றுதான் தோன்றும். அவ்வளவுதான் வேண்டும்.

4. ஒரு விரல் கிரீமை நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை, கழுத்து என்று புள்ளி வைத்து, தேய்க்காமல் பரப்புங்கள். ஓரிரு நிமிடம் கழித்து அடுத்த விரல் கிரீமை அதே போல் பூசுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் அப்பினால் உருண்டு திரளும். இரண்டு பூச்சாகப் போட்டால் விட்டுப்போன இடமும் நிரம்பும்.

5. மறந்துபோகும் இடங்கள்: காது மடல், பின்கழுத்து, நெற்றியில் முடி தொடங்கும் ஓரம், வகிடு, தாடைக்குக் கீழே, சேலையோ சுரிதாரோ மூடாத முதுகு, புறங்கை, செருப்பு மூடாத மேல்பாதம். உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம்.

6. கண்ணைச் சுற்றி விரல்நுனியால் ஒற்றி வையுங்கள். இமையோரம்வரை போக வேண்டாம். வேர்வையில் வழிந்து கண் எரிகிறது என்பவர்கள், புருவத்துக்கு மேலும் கண்ணுக்குக் கீழும் மட்டும் மினரல் ஸ்டிக் பூசிப் பாருங்கள். அது அவ்வளவாக வழியாது.

7. பத்து நிமிடம் காயவிடுங்கள். முகத்துக்குப் பவுடர் போடும் வழக்கம் உள்ளவர்கள் அதன் பிறகு பஃப்பால் மெல்ல ஒற்றலாம். தேய்த்தால் கீழே உள்ள படலம் கலைந்துவிடும். ஸ்டிக்கர் பொட்டு நிற்கவில்லையென்றால் பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் டிஷ்யூவால் துடைத்துவிட்டு வையுங்கள்.

ஆண்களுக்கு ஒரு குறிப்பு: சவரம் செய்த உடனே பூசினால் காந்தும். ஷேவிங் முடித்துக் கால் மணி நேரம் விட்டுப் பூசுங்கள். முன்வழுக்கை இருந்தால் நெற்றியோடு நிறுத்தாமல் உச்சிவரை பூச வேண்டும். தொப்பி இருந்தால் இன்னும் நல்லது.

அளவு சரியா? ட்யூப் சொல்லும்

எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதனைக்கூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசி அளக்கிறார்கள். மக்கள் வழக்கமாகப் பூசுவது அதில் கால் பங்கு முதல் பாதி வரைதான். அளவு குறையும்போது பாதுகாப்பும் சரிந்துவிடும். 50 என்று அச்சிட்ட கிரீம் உங்கள் முகத்தில் 50ஆக வேலை செய்வதில்லை. இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எந்த பிராண்ட் என்பதைவிட எவ்வளவு பூசுகிறீர்கள் என்பது முக்கியம்.

முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறைக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம்வரை தேவை. 50 கிராம் ட்யூப் தினம் ஒருமுறை பூசினால் 40 முதல் 50 நாளில் தீரும். இருமுறை பூசினால் மூன்று, மூன்றரை வாரத்தில் தீரும். ட்யூப்பைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். நான்கு மாதம் கழித்தும் பாதி இருந்தால், நீங்கள் பூசியது போதவில்லை.

அப்படியானால் செலவு கூடுமே என்றால், ஆம், கூடும். அதனால்தான் விலையுயர்ந்த ஒன்றைச் சிக்கனமாகப் பூசுவதைவிட, விலை குறைந்த தரமான ஒன்றைத் தாராளமாகப் பூசச் சொல்கிறேன். முழுக்கைச் சட்டை போட்டால் கைக்குக் கிரீம் மிச்சம்.

மறுபடி எப்போது?

வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொது விதி. வேர்த்து வழிந்தாலோ, துண்டால் அழுத்தித் துடைத்தாலோ, தண்ணீரில் இறங்கினாலோ அதற்கு முன்பே. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தாலும் அது 40 அல்லது 80 நிமிடத்துக்கான உறுதிதான். குற்றாலத்தில் அருவியில் நின்றுவிட்டு வந்தால் மறுபடி பூசுங்கள்.

இந்த விதியை அவரவர் நாளுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

இரு சக்கர வண்டியில் அலுவலகம் போகிறவர்: காலையில் முழு அளவு. பகலில் உள்ளேயே இருந்தால் மறுபடி பூச வேண்டாம். மதியம் சாப்பிட வெளியே போனாலோ மூன்று, நான்கு மணிக்கே வீடு திரும்பினாலோ கிளம்பும் முன் ஒருமுறை. ஜன்னல் கண்ணாடியை ஒட்டிய இருக்கை என்றால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், அல்லது நண்பகலில் ஒருமுறை பூசுங்கள். கைக்குக் கையுறை.

வீட்டில் இருப்பவர்: பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவது, துணி உலர்த்துவது, கடைக்குப் போவது எல்லாம் நடுப்பகலில்தான் வருகின்றன. பத்து மணிக்கு முன் ஒருமுறை பூசி, பள்ளி விடும் நேரத்துக்கு முன் இன்னொரு முறை. நாள் முழுக்க உள்ளேயே இருந்து, வெயில் விழும் ஜன்னலுக்குத் தள்ளி உட்கார்பவருக்குக் கட்டாயம் இல்லை. செல்போன், கணினித் திரையின் ஒளிக்காக சன்ஸ்கிரீன் பூசச் சொல்லும் விளம்பரங்களை விட்டுத்தள்ளுங்கள். வெயிலோடு ஒப்பிட்டால் அந்த ஒளி மிக மிகச் சொற்பம்.

வயல், கட்டுமானம், உப்பளம், மீன்பிடிப் படகு என்று முழுநாளும் வெயிலில் உழைப்பவர்: இரண்டு மணிக்கொரு முறை பூசு என்று இவர்களிடம் சொல்வது நடைமுறை அறியாத பேச்சு. காசும் ஆகாது, வேர்வையில் நிற்கவும் நிற்காது. இவர்களுக்கு முதல் பாதுகாப்பு துணிதான். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, கழுத்தையும் காதையும் மூடும் துண்டு, அகன்ற விளிம்புத் தொப்பி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டும் நம் ஊர்ப் பெண்களின் வழக்கம் மிகச் சரியான பாதுகாப்பு. மூக்கு, கன்னம், உதடு மட்டும் மிஞ்சும். அதற்குக் காலையும் மதியமும் மினரல் ஸ்டிக் போதும். வேலை வாங்குபவர்கள் 12 முதல் 3 மணி வரை நிழலில் செய்யும் வேலையை ஒதுக்கிக் கொடுத்தால் அது எந்தக் கிரீமையும்விடப் பெரிய உதவி.

குடையையும் மறக்க வேண்டாம். அடர்த்தியான கறுப்புத் துணிக் குடை நேராக விழும் புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போவது. எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். ஆறியபின் மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும். எலுமிச்சை ஜூஸ் பிழிந்த கையோடு வெயிலில் நின்றாலும் இது வரும். கையை நன்றாகக் கழுவுங்கள்.

மஞ்சள், சந்தனம், கற்றாழை, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக நம்புவது. குளிர்ச்சி தரும், மணம் தரும். வெயிலுக்கு நம்பத்தக்க தடுப்பாகாது. பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்ட தலையில் பூசும் சந்தனமும் அப்படித்தான். முதல்முறை வெயில் காணும் தோல் அது. குழந்தைக்கு மொட்டை போட்டால் சந்தனம் காய்ந்ததும் பருத்தித் தொப்பியோ துணியோ கட்டுங்கள்.

சன்ஸ்கிரீனுக்கு மேல் எண்ணெய் தடவுவது, அல்லது சன்ஸ்கிரீனை மாய்ஸ்சரைசரோடும் ஃபவுண்டேஷனோடும் கையில் கலந்து பூசுவது. படலம் குலைந்துவிடும். தனித்தனியாகப் பூசுங்கள்.

வேர்வையை அழுத்தித் துடைப்பது. கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள்.

கிரீம் பூசிவிட்டோம் என்ற தைரியத்தில் கூடுதல் நேரம் வெயிலில் நிற்பது. பூசினாலும் கொஞ்சம் கதிர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

வீட்டிலேயே ஜிங்க் பொடியை எண்ணெயில் கலந்து சன்ஸ்கிரீன் தயாரிப்பது. பொடி சீராகப் பரவாது, எங்கே எவ்வளவு நிற்கிறது என்று தெரியாது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பாதுகாப்பு: யாருக்கு என்ன கவனம்?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் துணியும் போதும். அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மணமில்லாத மினரல் வகை. கையில் பூசியதை வாயில் வைக்கும் வயது என்பதால் கைக்கு முழுக்கைச் சட்டையே மேல். பள்ளி விளையாட்டு நாளில் பிள்ளைக்குக் காலையில் பூசிவிட்டு, ஸ்டிக் வகை ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தால் தானே பூசிக்கொள்ளும்.

கர்ப்ப காலத்தில் மங்கு வருவது அதிகம். அப்போது சன்ஸ்கிரீனை நிறுத்தாதீர்கள். மினரல் வகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பருவுக்காக டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினோயின், ரெட்டினாய்டு கிரீம், இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவற்றை எடுப்பவர்களின் தோல் வெயிலுக்கு எளிதில் கன்றும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் பாதுகாப்பைக் கூட்டுங்கள். லூபஸ் நோயாளிகளும் வெண்புள்ளி உள்ளவர்களும் இதை ஒப்பனைப் பொருளாக நினைக்காமல் சிகிச்சையின் பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ப்ரே வகை தீப்பற்றக்கூடியது. அடுப்பங்கரையிலும், விளக்கு எரியும் பூஜையறையிலும் அடிக்காதீர்கள். முகத்துக்கு நேராக அடிக்காமல் கையில் அடித்துப் பூசுங்கள்; மூச்சில் போகக்கூடாது.

வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்ற கேள்வி நியாயமானது. முகமும் கழுத்தும் உடலின் மொத்தத் தோலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கை, கால்களில் சிறிது நேரம் வெயில் படலாம். ஏற்கெனவே குறைபாடு உள்ளவர்கள், உடல் முழுக்க மூடி உடுத்துபவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம்.

மங்கு உள்ளவர்களுக்கு

மங்குக்கு மருத்துவர் எந்தக் கிரீம் கொடுத்தாலும், சன்ஸ்கிரீன் இல்லாமல் அதன் பலன் நிற்காது. இரவில் பூசும் மருந்து குறைப்பதை மறுநாள் வெயில் திரும்பக் கொண்டுவந்துவிடும். டின்டெட் வகையை ஒருநாள் விடாமல் பூசினாலும் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். பொறுமை இல்லாதவர்களைக் குறிவைத்து ஒரு சந்தை இருக்கிறது, அதில் விழுந்துவிடாதீர்கள்.

மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் மூன்று மருந்து கலந்த கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் மீசை முடியும் வந்து, நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்பதற்கு எதிரான விதியை 2018இல் மத்திய அரசு கடுமையாக்கியது. ஆனாலும் கிடைக்கத்தான் செய்கிறது. பெயர்ப்பட்டி சரியாக இல்லாத வெளுப்பு கிரீம்கள் இன்னும் மோசம். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசிய பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்தக் கிரீம்களில் பாதரசம் அளவு மீறி இருந்தது தெரியவந்தது.

இரவும் இருப்பும்

வீடு திரும்பியதும் மிதமான ஃபேஸ்வாஷால் முகம் கழுவுங்கள். வாட்டர் ரெசிஸ்டன்ட் வகையானால் இருமுறை. கரடுமுரடான ஸ்கிரப்பால் தேய்க்காதீர்கள். தேய்ப்பதாலும் நம் தோல் கறுக்கும்.

ட்யூப்பைக் காரின் டேஷ்போர்டிலும் வண்டியின் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள். சூட்டில் கிரீம் பிரிந்து தண்ணீரும் கட்டியுமாக ஆகும். அப்படி ஆனதைத் தேதி இருந்தாலும் எறிந்துவிடுங்கள். ட்யூப்பின் பின்புறம் திறந்த டப்பா படத்தில் '12 எம்' என்று இருந்தால், திறந்தபின் பன்னிரண்டு மாதம் என்று பொருள். சரியான அளவில் பூசுபவருக்கு அந்த எண் தேவைப்படாது.

எப்போது தோல் மருத்துவரிடம் போக வேண்டும்?

பூசும் வகையை மாற்றியும் அரிப்பு நிற்கவில்லை; மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் மங்கு பரவுகிறது; வெயில் பட்டாலே முகத்தில் தடிப்பு வருகிறது; ஒரு மச்சம் வளர்கிறது, நிறம் மாறுகிறது, இரத்தம் கசிகிறது, ஒரு புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் போங்கள். உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் புதிதாக வரும் கறுப்புக் கோட்டையோ திட்டையோ தனியாகக் கவனியுங்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற புற்றுநோய் அரிதுதான். வந்தால் அங்கேதான் அதிகம் வரும். அது வெயிலால் வருவதில்லை, சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது.

போகும்போது முகத்தில் பூசும் எல்லாவற்றையும், தோழி கொடுத்த பெயரில்லாத டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.